கம்பியை எண்ணத் தெரியுமா?

தமிழர் நிறைந்த நீலசந்திராவில், ஒரு பழுதுபார்க்கும் கடையில் அண்மையில் தலைகுனிந்து நின்றேன். மின்சார ஸ்கூட்டர் ஒன்றின் கண்ட்ரோலர் எரிந்து கிடந்தது. “இஞ்சினீயரிங் படிக்கிற தம்பியாச்சே, எது வாங்கணும்னு சொல்லுங்க” என்றார் கடைக்கார அண்ணன். பாட்டரி 48 வோல்ட்; எனவே 48 வோல்ட் கண்ட்ரோலர் என்றேன். என் சொல்லை நம்பித் தருவித்தார். பிரித்துப் பார்த்தால், மோட்டாருக்குச் செல்ல அதில் இரண்டே தடித்த கம்பிகள்; மோட்டாரிலோ மூன்று! அவர் காசு போயிற்று. என் படிப்பின் மானமும் போயிற்று.

பிழை என்னுடையதே. வோல்ட்டைக் கேட்டேன், மோட்டாரின் இனத்தைக் கேட்டேனில்லை.

இனம் அறிவது மாயவித்தையா? அன்று. பாட்டரி வண்டியின் மோட்டாரில் தடித்த கம்பி இரண்டென்றால், பெரும்பாலும் அது கார்பன் பிரஷ் வைத்த நேர்மின் மோட்டார். மூன்றென்றால் பிரஷ் இல்லாத நிலைக்காந்த மோட்டாராகவோ, தூண்டல் மோட்டாராகவோ இருக்கலாம். கூடவே ஐந்து மெல்லிய கம்பிகள் வந்தால், அவை பெரும்பாலும் காந்தத்தின் இருப்பிடம் சொல்லும் ஹால் சென்சாருக்குரியவை. ஐயம் தீரவில்லையா? கண்ட்ரோலரிலிருந்து கழற்றி, மூன்று முனைகளையும் ஒன்றாக முறுக்கிக் கையால் சுழற்றுங்கள். நிலைக்காந்த மோட்டார் முரண்டு பிடிக்கும். தூண்டல் மோட்டார் எப்போதும்போல் சுழலும். இவ்வளவும் அறிந்த பிறகே வோல்ட், ஆம்பியர்க் கணக்கு.

நம் பெங்களூரே இதற்குச் சான்று. 2001-இல் விற்பனைக்கு வந்த ரேவா மின்கார் நேர்மின் மோட்டாரில் ஓடிற்று. பின்னர் வந்த ரேவா-ஐ, மாறுமின் தூண்டல் மோட்டாருக்கு மாறிற்று. பெயரும் உருவமும் ஏறத்தாழ ஒன்றே. முன்னதன் கண்ட்ரோலர் பின்னதற்கு உதவுமா?

ஆய்வுக்கூடத்தில் பெயர் எழுதி ஒட்டிய மோட்டாரையே பார்த்துப் பழகியவர்கள் நாம். தெருவில் கிடப்பதன் பெயர்த்தகடு துருவேறியிருக்கும். அங்கே நம் சமன்பாடுகள் ஊமையாகிவிடுகின்றன. நோய் இன்னதென்று பாராமல் மருந்து எழுதுபவன் மருத்துவனாவானா?

ஆகவே என் கருத்து இது: அடையாளமற்ற மோட்டாரை முன்னே வைத்து, ‘இது எவ்வினம், எந்தக் கண்ட்ரோலர் பொருந்தும்?’ என்று தேர்வில் கேட்க வேண்டும். அதுவரை காத்திராமல், மாதம் ஒரு ஞாயிறு நம் சங்கத்தார் இத்தகைய கடைகளுக்குச் செல்வோம். அந்த அண்ணனிடம் கைப்பழக்கம் உண்டு. நம்மிடம் காரணம் உண்டு. இருவர் பேசுவதும் தமிழ். இன்னும் பேசாதிருப்பது ஏன்?