மெயில் வரலையா, வாங்கலையா?

"உங்க மெயில் வரலையே." இந்த மூன்று வார்த்தையைச் சொல்லிவிட்டு ஒரு ஆபீஸ் நிம்மதியாக டீ குடிக்கப் போய்விடலாம் என்கிற நிலைமையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மெயில் வராமலே போவது ஒன்று. வாசல் வரை வந்ததை வாங்க மறுப்பது வேறொன்று. வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் குப்பையில் போடுவது இரண்டையும்விட மோசமான மூன்றாவது. இந்த மூன்றையும் "வரலை" என்ற ஒரே போர்வைக்குள் மூடிவிடுகிறார்கள்.

உள்ளூர்க்காரருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. ஒரு ஆட்டோ பிடித்து, நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். ஊரைவிட்டு வந்து பிழைக்கிற நம் கதை அப்படியா? பிள்ளையின் டி.சி., அப்பாவின் பென்ஷன் பேப்பர், அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் இரண்டு நாள் ரயில் தூரத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக மெயிலில்தான் போய் வருகின்றன. அந்த வாசல் மூடினால் நமக்கு வேறு வாசல் கிடையாது.

நான் பி.காம். படித்த வங்கிக்காரன். கம்ப்யூட்டர் என் தொழில் இல்லை. ஆனால் 'திருப்பி அனுப்புவது' என் தொழிலில் பாதி. ஒரு செக்கைத் திருப்பினால் கூடவே ரிட்டர்ன் மெமோ வைக்க வேண்டும். பணம் போதவில்லை, கையெழுத்து ஒத்துப்போகவில்லை, தேதி காலாவதி என்று காரணத்தை அதில் சொல்ல வேண்டும். பணமில்லாமல் திரும்பிய செக்குக்கு, செலாவணி முறிச் சட்டம் 138ஆவது பிரிவில் வழக்குப் போடுவதானால், செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். அந்தத் துண்டுக் காகிதத்தில்தான் ஒருவருடைய பணமே நிற்கிறது. செக்கை வாங்கி டிராயரில் போட்டுக்கொண்டு, "செக்கே வரலையே சார்" என்று நான் சொன்னால் அன்றைக்கே என் சீட்டு கிழிந்துவிடும்.

மெயிலிலும் இதே ஒழுங்கு உண்டு என்பது பல பேருக்குத் தெரியாது. 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதியிலிருந்தே இருக்கிறது. இன்றைக்கு நடப்பில் உள்ள அடிப்படை விதி 2008-ல் வந்த ஆர்.எஃப்.சி. 5321. அனுப்புகிற சர்வர் வந்து கதவைத் தட்டும். உள்ளே இருக்கிற சர்வர் மூன்று இலக்க எண்ணில் பதில் சொல்லும். 2-ல் தொடங்கினால் சரி. 4-ல் தொடங்கினால் "இப்போது முடியாது, அப்புறம் வா". 5-ல் தொடங்கினால் "முடியாது, திரும்பிப் போ". கடிதம் முழுவதையும் வாங்கியபின் 250 என்று சொல்லிவிட்டால் பொறுப்பு கைமாறிவிட்டது. அதன்பின் உரியவரிடம் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பின்னால் சர்வர் படுத்துவிட்டது என்பதைக்கூட அந்த விதி சாக்காக ஏற்பதில்லை. 250 என்பது கவுன்ட்டரில் சீல் போட்டுக் கொடுக்கிற ரசீது மாதிரி.

மறுப்பு எண்களும் மந்திரம் இல்லை. ரிட்டர்ன் மெமோ மாதிரிதான்:

550 5.1.1 என்றால் அந்தப் பெயரில் இங்கே ஆள் இல்லை. முகவரியைத் தப்பாக அடித்திருக்கலாம், அல்லது அந்த அதிகாரி மாற்றலாகிப் போனதும் அவர் பெட்டியை மூடியிருக்கலாம்.

452 4.2.2 அல்லது 552 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. தப்பு உங்களுடையது அல்ல.

554 5.7.1-ல் "ரிலே ஆக்சஸ் டினைட்" என்று வந்தால், பெரும்பாலும் அந்த டொமைன் தன்னுடையது என்பதே வாங்குகிற சர்வருக்குத் தெரியவில்லை. அங்கே யாரோ செட்டிங்கை மாற்றும்போது டொமைன் பெயரை விட்டுவிட்டார்கள்.

எஸ்.பி.எஃப். தோல்வி என்று வந்தால், அனுப்பிய ஐ.பி.க்கு அந்த டொமைன் பெயரில் அனுப்ப அனுமதி இல்லை. பழைய முகவரிக்கு வருவதைப் புது முகவரிக்கு ஃபார்வர்டு செய்து வைத்திருக்கிறவர்களை இது அடிக்கடி கடிக்கும். நடுவில் ஒரு சர்வர் புகுந்ததால் ஐ.பி. மாறிவிடுகிறதே!

இனி நடந்ததைச் சொல்கிறேன். வடக்கே ஒரு ஊருக்கு மாற்றலாகிப் போனபோது, மகனின் பள்ளிச் சேர்க்கைக்கான சான்றிதழ்களை, பள்ளியே அச்சடித்துக் கொடுத்த முகவரிக்குத் திங்கட்கிழமை அனுப்பினேன். கடைசி நாள் புதன். செவ்வாய்க்கிழமை "தாமதம், மறுபடி முயற்சி நடக்கிறது" என்று தகவல் வந்தது. நேரில் போனேன். "மெயில் வரலை. புதனுக்குள்ளே வரலைன்னா சீட் இல்லை" என்றார் கிளார்க். தாமதத் தகவலை அச்செடுத்துப் பிரின்சிபாலிடம் நீட்டினேன். அதில் நாளும் நேரமும் இருந்தன, 452 4.2.2 என்ற பதிலும் இருந்தது. ஊர் முழுக்கப் பிள்ளைகளின் சான்றிதழை அனுப்பச் சொல்லிவிட்டு, அந்தப் பெட்டியை யாரும் காலி செய்யவில்லை! பிரின்சிபால் புரிந்துகொண்டு பேப்பரைக் கையில் வாங்கிக்கொண்டார். சீட் கிடைத்தது. ஆனால் அந்த எண்ணைப் படிக்கத் தெரியாத அப்பா என்ன செய்வார்? இன்னும் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பாத அம்மா எந்த பிரின்சிபாலிடம் போய் நிற்பார்?

இதற்கு நேரெதிரான அனுபவமும் உண்டு. நாங்கள் சேர்ந்திருக்கிற ஒரு சின்னத் தமிழ் அமைப்பு, இங்கே யாராவது இறந்துபோனால் உடலை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்து தருகிறது. ஒருநாள் அதன் சர்வர், வருகிற மெயில் அத்தனையையும் திருப்பி அடித்தது. ஆனால் திருப்பும்போது காரணத்தையும் தடுப்புப் பட்டியலின் பெயரையும் சொல்லித் திருப்பியது. ஒரு உறுப்பினர் அந்த வரியை அப்படியே போனில் படித்துக் காட்டினார். ஒரு மணி நேரத்தில் விஷயம் பிடிபட்டது. ஸ்பாம்ஹாஸ் பட்டியலைப் பொது டி.என்.எஸ். வழியாகக் கேட்டால், அது பட்டியல் விவரம் தராமல் 127.255.255.254 என்ற பிழைக் குறியைத் திருப்பும். எங்கள் சர்வரோ எந்தப் பதில் வந்தாலும் "இவன் பட்டியலில் இருக்கிறான்" என்று எடுத்துக்கொண்டது. சர்வரிலேயே தனியாக ஒரு ரிசால்வர் வைத்ததும் சரியாகிவிட்டது. காரணம் சொல்லாமல் விழுங்கியிருந்தால்? ஒரு குடும்பம் பிணத்தை வைத்துக்கொண்டு, பதில் வரும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கும்.

இது புது வியாதியும் இல்லை. ஓ.ஆர்.டி.பி. என்ற தடுப்புப் பட்டியல் 2006 டிசம்பரில் கடையைக் கட்டியது. அதற்குப் பிறகும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்த சர்வர்கள் ஏராளம். 2008 மார்ச்சில் அது, யாரைப் பற்றிக் கேட்டாலும் "ஆமாம், பட்டியலில் இருக்கிறார்" என்று பதில் சொல்ல ஆரம்பித்தது. ஒன்றேகால் வருஷமாகத் தன் சர்வரைத் திரும்பிப் பார்க்காதவர்களுக்கு, ஒரே நாளில் நல்ல மெயில் எல்லாம் நின்றுபோனது.

சர்வரைப் பார்த்துக்கொள்கிற தம்பிகளின் பதில் எனக்குத் தெரியும். "சார், வருவதில் பெரும்பகுதி குப்பை. தடுக்கவில்லை என்றால் நீங்களே திட்டுவீர்கள். காரணம் சொன்னால் ஸ்பாம்காரன் கற்றுக்கொள்வான்." முதல் பாதி நியாயம். தடுங்கள், நான் வேண்டாம் என்றே சொல்லவில்லை. புகார் வந்தவுடன் எல்லாப் பூட்டையும் திறந்துவிடுகிறவரும் எனக்கு ஆகாது. இரண்டாவது பாதி சால்ஜாப்பு. ஸ்பாம்காரன் உங்கள் மெமோவைப் படித்துக் கண்ணீர் விடப்போவதில்லை. படிக்கப்போவது தவறாக மாட்டிக்கொண்ட நல்லவன்தான். அதுவும் வாசலிலேயே, பேச்சு நடக்கும்போதே மறுத்துவிடுங்கள். 250 சொல்லி வாங்கிவிட்டு அப்புறம் திருப்பினால், அனுப்புநர் முகவரி போலியாக இருக்கும்போது அந்த மெமோ சம்பந்தமில்லாத யாரோ ஒருவர் தலையில் போய் விழும்.

நான் கேட்பது பெரிய காரியம் எதுவும் இல்லை.

முகவரியை அச்சடித்து வெளியிட்டால் அந்தப் பெட்டியை ஒரு மனிதர் தினமும் பார்க்க வேண்டும். போஸ்ட்மாஸ்டர் என்ற பெயருக்கு வருகிற மெயிலை வாங்கியே ஆகவேண்டும் என்று அதே 5321 சொல்கிறது. மறுக்கப்பட்டவன் முறையிட அது ஒன்றுதான் வழி. "வரலை" என்று வாயைத் திறக்குமுன் சர்வரின் லாகைப் பார்க்க வேண்டும். அனுப்புநர் முகவரியையும் நேரத்தையும் கொடுத்தால் இரண்டு நிமிட வேலை.

நான்காவதுதான் முக்கியம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 13ஆவது பிரிவு என்ன சொல்கிறது? பெறுபவர் ஒரு இடத்தைக் குறித்துக் கொடுத்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, மெயில் அங்கே நுழைகிற நேரமே கிடைத்த நேரம். கிளார்க் திறந்து பார்த்த நேரம் அல்ல. நல்ல சட்டம். ஆனால் பெட்டியை நிரப்பி வைத்து நுழையவே விடாத ஆபீஸை என்ன செய்வது? அங்கேதான் தேதியும் பறிபோகிறது, சீட்டும் பறிபோகிறது. உங்கள் பெட்டி நிரம்பியதால் திரும்பிய மெயிலுக்கு, அது முதலில் கதவைத் தட்டிய தேதியையே கடைசி நாள் கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டிய கவுன்ட்டருக்கு வெளியே வரிசையில் நின்றவனிடம் அபராதம் வசூலிப்பது எந்த ஊர் நியாயம்?

அதுவரை நம் பங்குக்கு ஒன்று செய்வோம். திரும்பி வந்த மெயிலை எரிச்சலில் அழித்துவிடாதீர்கள். அந்த எண்ணோடு அச்செடுத்து வையுங்கள். அடுத்த தடவை யாராவது "வரலையே" என்றால், "வந்ததுங்க. நீங்கதான் வாங்கலை" என்று நீட்ட, கையில் ஒரு மெமோ இருக்கும்.