மூன்று வரம் கேட்ட மீனா



கோடை விடுமுறை தொடங்கியதும் ஆரணியின் நெசவுத் தெருக்களில் இரண்டு ஓசைகள் சேர்ந்து கேட்கும். ஒன்று, வீட்டுக்குள்ளிருந்து எழும் தறியோசை. மற்றொன்று, திண்ணையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் கைப்பேசியிலிருந்து எழும் விளையாட்டின் இசை. தறியைப் பற்றிப் பெற்றோர் யாவும் அறிவர். பாவில் ஓர் இழை அறுந்தால் இருட்டிலும் விரலால் தடவிக் கண்டுகொள்வர். ஆனால் அந்தக் கைப்பேசிக்குள் ஓடும் கதையை யார் செய்தார், எதற்காகச் செய்தார் என்று கேட்டால் பெரும்பாலோர்க்கு விடை தெரியாது. பட்டை விரலால் தேய்த்துப் பார்த்து, சரிகையை உரசிப் பார்த்து வாங்குகிற நாம், பிள்ளையின் உள்ளத்துக்குள் புகும் கதையை மட்டும் பார்க்காமலே விட்டுவிடலாமா?

ஆகவே இத்திங்கள் இரண்டு சிறுமியரின் கதைகள் உருவான விதத்தைச் சொல்ல எண்ணுகிறோம். ஒருத்தி ஜப்பான் நாட்டவள். மற்றொருத்தி நம் தெற்காசிய மண்ணின் மகள். இருவரும் சித்திரப் படத்தில் தோன்றினர்; இருவரும் கைப்பேசி விளையாட்டிலும் இடம்பெற்றனர். இருவரிடமும் ஒரு மாயசக்தி வந்து, "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்கிறது. அவர்கள் கேட்டது என்ன, அதற்குக் கொடுத்த விலை என்ன என்பதில்தான் வேறுபாடு.

ஒரு வரமும் அதன் விலையும்

மாயசக்தி பெற்ற சிறுமியரைத் தலைவியராகக் கொண்ட சித்திரப் படங்கள் ஜப்பானில் ஒரு தனி மரபாகவே வளர்ந்துள்ளன. 1966இல் தொலைக்காட்சியில் வந்த 'மந்திரக்காரி சாலி' அம்மரபின் தொடக்கங்களுள் ஒன்று. அக்கதைகளில் மந்திரக்கோலை அசைத்தால் நன்மையே விளையும். 2011இல் ஷாஃப்ட் என்னும் கலைக்கூடம் உருவாக்கிய 'மடோகா மாகிகா' தொடர் இம்மரபைத் தலைகீழாகத் திருப்பிற்று. கதையை எழுதியவர் கென் உரோபுச்சி. வெண்ணிறச் சிறு பிராணி ஒன்று சிறுமியரிடம் வந்து, "ஒரு வரம் தருகிறேன், பதிலுக்கு நீ சூனியக்காரிகளோடு போரிட வேண்டும்" என ஒப்பந்தம் பேசுகிறது. ஒப்பந்தம் முடிந்த பின்னரே மறைத்து வைத்த நிபந்தனை வெளிப்படுகிறது. சிறுமியின் ஆன்மா உடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு ஒரு மணிக்கல்லில் அடைக்கப்பட்டுவிட்டது! இறுதியில் அவளே சூனியக்காரியாக மாறுவாள்!

இத்தொடரின் இறுதிப் பகுதிகள் ஒளிபரப்பான நாளும் குறிப்பிடத்தக்கது. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானைப் பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியதால் ஒளிபரப்பு தடைப்பட்டது. பின்னர் ஏப்ரல் 22 அதிகாலையில் அப்பகுதிகள் வெளிவந்தன. அவ்வாண்டின் பெரிய வெள்ளிக்கிழமை அந்நாளே. பிறர் துயர் நீங்கத் தன்னையே கையளிக்கும் சிறுமியின் கதை அந்நாளில் முடிவுற்றது. திட்டமிட்டு நேர்ந்ததன்று, நிலநடுக்கம் குறித்துக் கொடுத்த நாள்.

இக்கதையின் கிளையாக 2017 ஆகஸ்டு 22 அன்று 'மாகியா ரெக்கார்ட்' என்னும் கைப்பேசி விளையாட்டு வெளிவந்தது. இதன் தலைவி இரோஹா, நோயுற்ற தன் தங்கை நலம்பெற வேண்டுமென்று வரம் கேட்கிறாள். வரம் கிடைக்கிறது, ஆனால் தங்கை எல்லோருடைய நினைவிலிருந்தும் மறைந்துபோகிறாள். தமக்கை அவளைத் தேடிப் புறப்படுவதே கதை. 2020 முதல் 2022 வரை இது மூன்று பகுதிகளாகச் சித்திரத் தொடரும் ஆயிற்று. விளையாட்டில் இல்லாத குரோஎ என்னும் சிறுமியைத் தொடருக்கென்றே புதிதாகப் படைத்தனர். சூனியக்காரிகளின் மாய உலகை வரைந்தவர்கள் 'கெகிதான் இனு கறி' என்ற பெயர்கொண்ட கலைக்குழுவினர். கெகிதான் என்றால் நாடகக் குழு. இனு என்றால் நாய். கறி என்பது நம் கறியேதான்! தமிழ்ச் சொல் எத்தனை தொலைவு பயணம் செய்து எப்படிப்பட்ட துணையோடு சேர்ந்திருக்கிறது, பாருங்கள். காகிதத் துண்டு, துணி, நூல் ஆகியவற்றை ஒட்டிச் சேர்த்தாற்போன்ற அவர்களுடைய ஓவியங்களை நெசவுத் தெருப் பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பதில் வியப்பில்லை.

ஆனால் பெற்றோர் அறிய வேண்டிய செய்தி வேறொன்று. இவ்வகை விளையாட்டுகளில் விரும்பிய பாத்திரத்தை நேரே வாங்க இயலாது. குலுக்கல் முறையில்தான் பெற வேண்டும். இம்முறைக்கு ஜப்பானில் 'கச்சா' என்று பெயர். நாணயத்தைப் போட்டுக் கைப்பிடியைத் திருகினால் ஏதோ ஒரு பொம்மை அடங்கிய உருண்டை விழுகிற கடைத்தெரு இயந்திரத்திலிருந்து வந்த பெயர் அது. இலவசமாகச் சில குலுக்கல்கள் உண்டு. ஆசை மிகுந்தால் பணம் கட்டிக் குலுக்க வேண்டும். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003இல் தடைசெய்யப்பட்டபோது எத்தனையோ குடும்பங்கள் பெருமூச்சு விட்டன. அச்சீட்டின் தங்கை இன்று கைப்பேசி வழியே வீட்டுக்குள் வந்து பிள்ளையின் அருகே அமர்ந்திருக்கிறாள். 'மறைந்த நிபந்தனையுள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதே' என்று எச்சரிக்கும் கதையையே இத்தகைய குலுக்கலோடு சேர்த்து விற்றது வேடிக்கைதான். 2024 சூலை 31 அன்று அந்த விளையாட்டு நிறுத்தப்பட்டது. ஏழாண்டுகளாகப் பிள்ளைகள் சேர்த்த பாத்திரங்களோடு விளையாடும் வழி அன்றோடு அடைபட்டது. கதையில் தங்கை மறைந்தாள். இங்கே விளையாட்டே மறைந்தது.

நம் வீட்டுப் பெண்

இனி மீனாவிடம் வருவோம். 'சார்க்' என்னும் தெற்காசிய நாடுகளின் அமைப்பு 1990ஐப் பெண்குழந்தை ஆண்டாகவும், 1991 முதல் 2000 வரையிலான காலத்தைப் பெண்குழந்தைப் பத்தாண்டாகவும் அறிவித்தது. அறிவிப்பு அலுவலகக் கோப்போடு நின்றுவிடாமல் குடிசை வரை சேர வேண்டுமே! வங்கதேசத்தில் யுனிசெஃப் நிறுவனத்தின் செய்தித்தொடர்புப் பணியில் இருந்த கனடா நாட்டவர் நீல் மக்கீ, இதற்கு ஒரு சித்திரப் படச் சிறுமியைத் துணைக்கு அழைக்கலாம் என்று கருதினார்.

அச்சிறுமிக்கு உருவம் கொடுக்கும் பணி பம்பாயிலிருந்த ராம் மோகனிடம் வந்தது. அவரைப் பற்றித் தமிழ் வாசகர் அறிந்திருத்தல் நன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்றவர் அவர். 1956இல் அதை விட்டுவிட்டு, நடுவண் அரசின் திரைப்படப் பிரிவில் புதிதாகத் தொடங்கப்பட்ட சித்திரப்படப் பகுதியில் சேர்ந்தார். அங்கே பயிற்சி அளித்தவர், டிஸ்னி கலைக்கூடத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ். கிறிஸ்தவ மறைப்பணியாளரின் மகனாக இந்தியாவில் பிறந்தவர். ராம் மோகன் பின்னர் ஜப்பானியரோடும் இணைந்து 1992இல் இராமாயணச் சித்திரப் படத்தை உருவாக்கினார். யூகோ சாகோ தயாரித்த அப்படம் 2025 சனவரியில் தமிழிலும் நம் திரையரங்குகளுக்கு வந்தது. 2014இல் பத்மஸ்ரீ பெற்ற ராம் மோகன் 2019இல் காலமானார்.

பெயர், பாவாடை, கிளி

ஒரு சிறுமியைப் பல நாடுகளுக்குப் பொதுவானவளாகப் படைப்பது எளிதன்று. ஓர் ஊரின் பெயர் அடுத்த ஊரில் அந்நியமாக ஒலிக்கும். ஓர் இனத்தின் ஆடை மற்றோர் இனத்துக்கு உறுத்தும். இந்துக் குடும்பத்திலும் இசுலாமியக் குடும்பத்திலும் இயல்பாக ஒலிக்கும் பெயராகத் தேடி 'மீனா' என்று வைத்தனர். நமக்கோ அது மீனாட்சியின் செல்லப்பெயர். தெருவுக்கு ஒரு மீனா உண்டு. சல்வாரும் இல்லாமல் சேலையும் இல்லாமல், நீண்ட பாவாடையும் சட்டையும் அணிவித்தனர். தம்பி ராஜு, கைக்குழந்தை ராணி, பேசும் கிளி மிட்டு, தாய், தந்தை, பாட்டி என ஒரு சிற்றூர்க் குடும்பம் அமைந்தது.

இங்கேதான் நாம் வியந்து நிற்க வேண்டிய செய்தி இருக்கிறது. இவற்றை அலுவலகத்தில் அமர்ந்து முடிவு செய்துவிடவில்லை. பல நாடுகளின் ஓவியர்களைக் கூட்டி வரைவித்தனர். வரைந்த படங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய் ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் காட்டினர். "இவள் உங்கள் ஊர்ப் பெண்ணைப் போல் இருக்கிறாளா? இவள் இப்படிப் பேசுவாளா? இப்படிப் பேசினால் வீட்டில் அடி விழுமா?" என்று கேட்டுக் கேட்டுத் திருத்தினர். முதல் படத்தின் ஆக்கத்துக்கு ஹன்னா-பார்பெரா நிறுவனத்தின் மணிலா கலைக்கூடமும் துணைநின்றது. 'டாம் அண்டு ஜெர்ரி' பூனையையும் எலியையும் படைத்த இருவரின் பெயரைத் தாங்கிய நிறுவனம் அது.

இதில் அடங்கிய உழைப்பை நெசவாளர் எளிதில் உணர்வர். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். பத்து நிமிடப் படத்துக்கு 14,400 சட்டங்கள். ஒரே ஓவியத்தை இரு சட்டங்களுக்குப் பயன்படுத்தினாலும் 7,200 ஓவியங்கள் வேண்டும். மீனா கையை உயர்த்திக் கோழியை விரட்டும் ஒரு கணத்துக்குள் எத்தனை கைகள் உழைத்துள்ளன! கட்டத்தாளில் புட்டாவை வரைந்து, அட்டையில் துளையிட்டு, இழை இழையாகச் சேலையில் மயிலை எழுப்பும் நம் மக்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

முதல் கதை இது. மீனாவைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. ராஜு மட்டும் செல்கிறான். மீனா தன் கிளியைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். கிளி பாடத்தைக் கேட்டு வந்து ஒப்பிக்கிறது. அப்படி எண்ணக் கற்றுக்கொண்ட மீனா வீட்டுக் கோழிகளை எண்ணும்போது ஒன்று குறைவது தெரிகிறது; திருடன் பிடிபடுகிறான். 'பெண்ணுக்கு எதற்குப் படிப்பு?' என்ற கேள்விக்குக் கோழியைக் கொண்டே விடை சொல்லிவிட்டனர்! மற்றொரு கதையில் மாம்பழத்தில் பெரிய பங்கு ராஜுவுக்குப் போகிறது. இருவரும் ஒரு நாள் வேலையை மாற்றிக்கொள்கின்றனர். மாலைக்குள் களைத்து விழும் ராஜுவுக்கு மீனாவின் பசி புரிகிறது. உபதேசம் ஒன்றும் இல்லை. வேலையும் பசியுமே பேசுகின்றன.

மூன்று வரங்களின் கதைக்கு வருவோம். விளக்குப் பூதம் மீனாவின் கனவில் தோன்றி, மூன்று வரம் கேள் என்கிறது. அவள் பொன் கேட்கவில்லை; பட்டுப் பாவாடை கேட்கவில்லை. ஊரார் அனைவரும் கழிப்பறையைப் பயன்படுத்த வேண்டும், கைகளைக் கழுவ வேண்டும், தூய நீரைப் பருக வேண்டும் என்கிறாள். நமக்குச் சிரிப்பு வரலாம். வயிற்றுப்போக்கில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குச் சிரிப்பு வராது. கனவு கலைந்த பின் பூதம் இல்லை. செய்ய வேண்டியவர்கள் ஊராரே என்பது எஞ்சுகிறது. இவ்வரங்களுக்கு மறைந்த விலை ஏதும் இல்லை. பிற்காலத்தில் வங்கதேச யுனிசெஃப் மீனாவைக் கைப்பேசி விளையாட்டாகவும் வெளியிட்டது. ஆண்டுதோறும் செப்டம்பர் 24 மீனா நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஆரணியின் மீனாக்கள்

இச்செய்திகளை நாம் இவ்வளவு விரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. பட்டுத்தறியில் சிறுவர் கை புகுந்த வரலாறு நாம் அறியாததன்று. கோர்வைச் சேலைக்குக் கரைப்பக்க நாடாவை வீச உடன் ஓர் ஆள் வேண்டும். பல காலம் அந்த ஆள் வீட்டுப் பிள்ளையே. தார் சுற்றும் இராட்டினத்தின் முன் அமர்ந்தவளும் வீட்டுப் பெண்ணே. இன்று பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைச் சட்டம் தடுக்கிறது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் குடும்பத் தொழிலில் உதவுவதை மட்டும், பள்ளி நேரத்துக்குப் புறம்பாகவும் விடுமுறையிலும் அனுமதிக்கிறது. நிலை பெரிதும் திருந்தியுள்ளது, மறுக்கவில்லை. ஆயினும் பத்தாம் வகுப்பு முடிந்ததும் ஓசையின்றித் தறியருகே அமர்த்தப்படும் பெண்களை நாம் இன்றும் காண்கிறோம்.

அத்தகைய ஒரு குடும்பத்துக்குச் சென்றிருந்தபோது, "மகளை ஏன் மேலே அனுப்பவில்லை?" என்று தந்தையிடம் வினவினோம். அவர் கொடியவர் அல்லர். மகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். "அவள் படிக்கணும்னு ஒன்றும் கேட்கவில்லையே, சாமி" என்றார். "நீங்கள் அவளைக் கேட்டீர்களா, ஐயா?" என்றோம். அவர் பதில் கூறவில்லை. உள்ளே தார் சுற்றிக்கொண்டிருந்த இராட்டினம் மட்டும் ஒரு கணம் நின்றது.

கேட்காத வீட்டில் பெண் வாய் திறக்கமாட்டாள். வாய் திறவாதவளுக்கு ஆசையே இல்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அவளோ தன் ஆசையைக் கைப்பேசிக்குள் ஒரு வெள்ளைப் பிராணியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "உனக்கு என்ன வேண்டும்?" என்று அவளைக் கேட்டது அது ஒன்றுதானே! ஒரு சித்திரத்தை வரைவதற்கே ஆயிரக்கணக்கானோரிடம் கேட்டறிந்தனர் மீனாவைப் படைத்தவர்கள். உயிருள்ள மகளின் வாழ்வை வரையும் நாம் அவள் ஒருத்தியைக் கேட்க வேண்டாமா?

ஆகவே கைப்பேசியைப் பிடுங்கி எறியுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு மாலைப்பொழுது அவளருகே அமர்ந்து, அந்த விளையாட்டின் கதையை அவள் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். பணம் கட்டும் இடம் எது என்று காட்டச் சொல்லுங்கள். அதன் பின், "பூதம் வந்து மூன்று வரம் கொடுத்தால் நீ என்ன கேட்பாய், கண்ணு?" என்று வினவுங்கள். விடை வர நேரமாகலாம், பொறுத்திருங்கள். மூன்றில் ஒன்றையேனும் நிறைவேற்ற உங்களால் இயலும். அதற்கு எந்தப் பூதமும் வேண்டியதில்லை.