பார்மட் பண்ணிடலாம் சார்!

தமிழ்நாட்டு கம்ப்யூட்டர் மெக்கானிக்குகள் அதிகம் உச்சரிக்கும் மந்திரம் இதுதான். பிரின்டர் ஓடவில்லையா? பார்மட். இன்டர்நெட் இழுக்கிறதா? பார்மட். தலைவலி என்று போனவனின் தலையை எடுத்துவிட்டு, ‘இனிமே வலிக்காது’ என்று சொல்லும் வைத்தியம். அதற்கு பில்லும் கட்டி, நன்றியும் சொல்லிவிட்டு வருகிறோம்.

சமவெளியிலேயே இப்படி என்றால், மலை மேல் கேட்கவே வேண்டாம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. பெரிய ரிப்பேர் என்றால் சி.பி.யு.வை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்க வேண்டும். இல்லையென்றால் கீழேயிருந்து ஆள் ஏறி வரவேண்டும். ஏறி வருகிறவருக்கு ஒரே நடையில் வேலை முடியணும். கோளாறு என்ன என்று தேட அரை நாள் ஆகும். பார்மட்டுக்கு ஒரு மணி நேரம். அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

சேர்வராயன் மலையில் எனக்குத் தெரிந்த ஒரு சின்ன காபி எஸ்டேட்டில் இதுதான் நடந்தது. பழம் பறிக்கும் சீசன். ஆபீஸ் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடியது. மெக்கானிக் வந்தார், மந்திரத்தைச் சொன்னார், செய்தார். கம்ப்யூட்டர் புதுசு மாதிரி ஓடியது. டேலியில் இருந்த கணக்கு மட்டும் காணோம். யார் எத்தனை கிலோ பறித்தார்கள், யார் எவ்வளவு அட்வான்ஸ் வாங்கினார்கள், எல்லாம் போச்சு. கிளார்க்குக்கு ஞாபகம் இருந்தது ஒரு தொகை. பறித்த பெண்களுக்கு ஞாபகம் இருந்தது வேறு தொகை. யார் சொன்னது எடுபட்டிருக்கும் என்று நான் எழுத வேண்டுமா?

நான் பி.காம். படித்தவன். கணக்குப் புத்தகத்தைக் கிழித்துப் போடுகிறவரை எங்கள் பாஷையில் ரிப்பேர்காரர் என்று சொல்வதில்லை.

ஒரு விஷயத்தைத் தெளிவாகப் பிரித்துக்கொள்வோம். பார்மட் என்பது வேறு, கம்ப்யூட்டரை ஃபேக்டரியிலிருந்து வந்த நிலைக்குத் திருப்புவது வேறு. பிராண்டட் டெஸ்க்டாப்பில் அதற்கான வழி உள்ளேயே இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கில் மறைவாக ஒரு பகுதியை ஒதுக்கி, கம்பெனிக்காரன் அதில் எல்லாவற்றையும் வைத்து அனுப்புகிறான். பழைய எச்.பி. மெஷின்களில் ஆன் செய்யும்போது எஃப்11, ஏசரில் ஆல்ட்டும் எஃப்10-ம் அழுத்தினால் அது எழுந்து வரும். விண்டோஸ் 10, 11-ல் செட்டிங்ஸுக்குள் ‘ரெகவரி’ என்ற இடத்தில் ‘ரீசெட் திஸ் பி.சி.’ என்றே இருக்கிறது. ஃபைல்களை வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் எடுத்துவிடவா என்று அதுவே கேட்கும்.

ஆனால், நம்ம ஊர் பார்மட்டில் முதல் பலி அந்த மறைவுப் பகுதிதான். ‘எதுக்கு சார் இடத்தை அடைச்சுக்கிட்டு?’ என்று துடைத்துவிடுவார்கள். பிறகு பாக்கெட்டிலிருந்து வெளியே வரும் பென் டிரைவில் இருப்பது திருட்டு விண்டோஸ். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினலை அழித்து, திருட்டுச் சரக்கை ஏற்றி, அதற்கும் கூலி! விண்டோஸ் 8 காலத்திலிருந்து பிராண்டட் மெஷின்களில் லைசென்ஸ் சாவி மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. அதே பதிப்பை மறுபடி போட்டால் தானாகவே எடுத்துக்கொள்ளும். இதை உங்களிடம் எத்தனை பேர் சொன்னார்கள்?

இதற்குச் சட்டமும் இருக்கிறது. 1957-ம் வருடத்து பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு சாஃப்ட்வேர் என்று தெரிந்தே பயன்படுத்துகிறவருக்கு 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்கிறது. வியாபாரத்துக்குப் பயன்படுத்தவில்லை என்றால் மட்டும் கோர்ட் சலுகை காட்டலாம். கவனியுங்கள், பயன்படுத்துகிறவருக்கு! மெக்கானிக் வளைவு வளைவாக இறங்கிப் போய்விடுவார். மாட்டுவது எஸ்டேட்காரர்.

கம்பெனிகளையும் சும்மா விடுவதற்கில்லை. ஒரு காலத்தில் மெஷினோடு சி.டி. கொடுத்தார்கள். அதையும் நிறுத்தி, ‘எல்லாம் உள்ளேயே இருக்கு’ என்று கைகழுவினார்கள். அந்த ஹார்டு டிஸ்க்கே செத்துப்போனால் உள்ளே இருப்பதும் சேர்ந்தே சாகும் என்பதை யார் சொல்வது? இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளலாம்தான். அது 4 ஜி.பி.க்கு மேல். மழைக்காலத்தில் கரன்ட்டும் சிக்னலும் கண்ணாமூச்சி ஆடும் மலைக் கிராமத்தில் உட்கார்ந்து இறக்கிப் பார்க்கட்டும்.

ஃபேக்டரி நிலை என்றால் ஏதோ பரிசுத்த நிலை என்றும் நினைக்க வேண்டாம். 2014-ல் லெனோவோ தன் லேப்டாப்கள் சிலவற்றில் ‘சூப்பர்ஃபிஷ்’ என்ற விளம்பரப் புரோகிராமை ஏற்றியே விற்றது. பாதுகாப்பான இணைப்பையே ஓட்டை போடும் சமாசாரம் அது. 2015-ல் குட்டு உடைந்தது. அந்த மெஷின்களை ஃபேக்டரி நிலைக்குத் திருப்பினால் மீனும் கூடவே திரும்பி வரும்! அதேபோல, விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டன. ரீசெட் செய்தால் மெஷின் சுத்தமாகும், இளமையாகாது.

பழைய கம்ப்யூட்டரை விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐகான் மறைந்தால் ஃபைல் அழிந்தது என்று அர்த்தமில்லை. சாதாரணமாக அழித்ததைத் தோண்டியெடுக்க இலவசப் புரோகிராம்களே இருக்கின்றன. ‘எல்லாவற்றையும் எடுத்துவிடு’ என்பதோடு, டிரைவைச் சுத்தம் செய்யும் வழியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால்தான் ஆதார் நகலும் பேங்க் பாஸ்புக்கும் அடுத்தவன் கைக்குப் போகாது.

சரி, என்னதான் செய்ய வேண்டும்? மூன்றே விஷயம்.

விற்கிற கடைக்காரர், பில் போடும் அன்றே 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் ரெகவரி டிரைவ் தயார் செய்து கையில் கொடுக்க வேண்டும். எப்படிப் பயன்படுத்துவது என்று தமிழில் ஒரு தாளும் வேண்டும். டி.வி. விற்கிறவர் ரிமோட்டைக் கொடுத்துத்தானே அனுப்புகிறார்!

மெக்கானிக், எதை அழிக்கப் போகிறேன், எதை ஏற்றப் போகிறேன் என்று எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகே கை வைக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் வாங்குகிறார்களே, அதுபோல.

மூன்றாவது நாம். வாரம் ஒருமுறை டேலி கணக்கை வெளியே ஒரு பென் டிரைவில் காப்பி எடுங்கள். ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்று கேட்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அதிலும் நீங்கள் ஏற்றிய புரோகிராம்கள் போய்விடும். புரோகிராமின் ஃபோல்டரிலேயே கிடக்கும் கணக்குக்கு அது உத்தரவாதம் இல்லை.

மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இந்த சேர்வராயன் மலையில் பாக்ஸைட்டை வெட்டி எடுத்தார்கள். வெட்டிய மலையைப் பழைய நிலைக்குத் திருப்ப எந்த பட்டனும் கிடையாது. கூலிக்காரப் பெண்ணின் அட்வான்ஸ் கணக்குக்கும் கிடையாது. கம்ப்யூட்டரை எத்தனை தடவை வேண்டுமானாலும் புதுசாக்கலாம். அதற்கு முன்னால், ‘இதில் யாருடைய கணக்கு இருக்கு?’ என்று கேட்காத மெக்கானிக்கை வாசலோடு திருப்பி அனுப்புங்கள். 20 வளைவு இறங்குவதற்குள் அவருக்கும் கொஞ்சம் யோசிக்க நேரம் கிடைக்கும்.