செந்தூல் பட்டறைச் சுவர்கள்

நாடகம் பார்க்க ஜாலான் ஸ்ட்ராச்சானுக்குப் போகும் மாணவர்கள், கோலாலம்பூர் நிகழ்கலை மையத்தின் செங்கல் சுவரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2005இல் அரங்கமான அது, பழைய இரயில்வே கட்டடம்.

செந்தூல் என்பது ஒரு பழத்தின் பெயர். ஊரை வளர்த்ததோ இரயில்வே பட்டறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த அந்தப் பட்டறையை நம்பித் தமிழகத்துத் தொழிலாளர்களும் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் இங்கே குடியேறினார்கள். மலாயாவின் இரயில் வண்டிகள் அப்போது பழுதுபார்ப்புக்கு இங்கே வந்தன. அதனால்தான் ஜப்பானியர் ஆட்சியின்போது, 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நேச நாடுகளின் பி-29 விமானங்கள் கோலாலம்பூர் இரயில்வே பட்டறையைக் குறிவைத்துக் குண்டு வீசின.

கட்டடத்தை இடிக்காமல் அரங்கமாக்கியதை நான் பாராட்டுகிறேன். இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்புவதுதானே நம் நகரத்தின் வழக்கம்! ஆனால், சுவரைக் காப்பது பாதி வேலைதான். உள்ளே சுத்தியல் பிடித்தவரின் பெயரும் சம்பளமும் சுவரில் இல்லை. அவை வீடுகளில் பழைய சம்பளச் சீட்டாக, மங்கிய புகைப்படமாகக் கிடக்கின்றன. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அவைதாம்.

வரலாற்று இடுபணி என்றதும் மலாக்காவுக்கு ஓடுகிறீர்களே, பட்டறையில் வேலை பார்த்த தாத்தா ஒருவர் இரண்டு தெரு தள்ளி இருக்கலாம். கைப்பேசியை எடுத்துப் போய் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள்.