கொல்லும் பொருளும் குணமாக்கும் மருந்தும்

ஆப்பிரிக்க நாட்டு வைத்தியத்தில் மேடெனஸ் இனச் செடிகள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. எத்தியோப்பியாவில் சேகரித்த அத்தகைய செடியொன்றிலிருந்து 1972-இல் குப்சன் குழுவினர் மேடென்சின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அது உயிரணுவிலுள்ள டியூபுலின் புரதத்தைப் பற்றி, அணு பிளவுபடுவதைத் தடுத்து, அதனை மாய்க்கிறது. எனினும் நோயாளிகளிடம் சோதித்தபோது நச்சுத்தன்மை மிகுந்தமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. பின்னர் அதன் வழிப்பொருள், சிலவகை மார்பகப் புற்றணுக்களை நாடிப் பற்றும் எதிர்ப்புரதத்துடன் பிணைக்கப்பட்டது. அம்மருந்தை அமெரிக்கா 2013-இல் ஏற்றது.

கொல்லும் ஆற்றல் வேறு. குணமாக்கும் ஆற்றல் வேறு. ஆய்வுக்கூடத்தில் புற்றணு மடிந்த செய்தியை, மருந்தே கிடைத்துவிட்டதாக மாணவரிடமோ கிராமத்தாரிடமோ கூறுதல் தகாது. அதனை நம்பி மருத்துவமனையைத் தவிர்ப்போர் உயிரையே இழக்க நேரும். நாட்டு வைத்தியம் தேடுமிடத்தைக் காட்டலாம். மருந்தென்று உறுதி கூறவேண்டியது சோதனையே.