செஞ்சிக் கவுலும் கம்பெனிக் கணக்கும்



சென்ற இதழில் அமெரிக்க வரி திருப்பூரைப் படுத்திய பாட்டை எழுதியிருந்தோம். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்கின் மேல் முதலில் 25 விழுக்காடு, அந்த மாதம் முடிவதற்குள் 50 விழுக்காடு. அதைப் படித்துவிட்டு செஞ்சிப் பக்கத்து விவசாயி ஒருவர் நமக்கு ஒரு அஞ்சலட்டை போட்டிருக்கிறார். “எங்கேயோ ஒரு மனுஷனுக்குக் கோபம் வந்தால் இங்கே தையல் மிஷின் நிற்கிறது. நாளைக்கு எங்க மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை (நிலக்கடலை) விலையும் இப்படித்தான் ஆடுமா? ஒரு தலைவரோட சுபாவத்தை நம்பியா ஒரு நாட்டு வியாபாரம் நடக்கும்?”

நடந்திருக்கிறது ஐயா, உங்கள் ஊரிலேயே.

செஞ்சி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தேசிங்கு ராஜனும் அவன் குதிரையும்தான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்து அதில் இடம்பிடித்த ஒரே கோட்டை என்பதால் ஊர் கொஞ்சம் பேசப்பட்டது. ஆனால் நூறாண்டு காலம் இந்த ஊர் ஒரு வெளியுறவு அலுவலகமாகவும் இருந்தது. பாலாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கடற்கரையில் எந்த வெள்ளைக்காரன் கிடங்கு கட்டுவது, எவன் கட்டக்கூடாது என்பதெல்லாம் கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்தில்தான் முடிவானது. அங்கே உட்கார்ந்திருந்த ஆளுக்கு ஆள் முடிவும் மாறியது.

முதல் ஆள் கிருஷ்ணப்ப நாயக்கர். 1597-ல் அவரைப் பார்க்க வந்த பிமென்டா என்ற சேசு சபைப் பாதிரியார், லிஸ்பனைத் தவிர போர்ச்சுகலில் இவ்வளவு பெரிய ஊர் கிடையாது என்று செஞ்சியைப் பற்றி எழுதி வைத்தார். நாயக்கர் தாராளமான மனிதர். முரட்டுப் பிடிவாதமும் உண்டு. சிதம்பரத்தில் கோவிந்தராசர் சன்னிதித் திருப்பணியை எதிர்த்துத் தீட்சிதர்கள் கோபுரத்திலிருந்து குதித்து உயிர்விட்டார்கள் என்றும், வேலை நிற்கவில்லை என்றும் அதே பிமென்டா எழுதுகிறார். அந்த மனிதரேதான் வெள்ளாற்று முகத்தில் தன் பெயரில் ஒரு பட்டினம் எழுப்பி, பாதிரியாருக்கு அங்கே கோயில் கட்டிக்கொள்ள அனுமதியும் கொடுத்தார். இன்றைய பரங்கிப்பேட்டைக்கு அதுதான் தொடக்கம். வைணவப் பற்று ஒரு பக்கம், வியாபாரக் கண் ஒரு பக்கம். 1608-ல் டச்சுக்காரர்கள் வந்து தேவனாம்பட்டினத்தில் இடம் கேட்டபோது செஞ்சி சம்மதித்தது. போர்த்துகீசியர் விடுவார்களா? விஜயநகரப் பேரரசர் இரண்டாம் வேங்கடர் வழியாக நெருக்கினார்கள். கொடுத்த அனுமதி தள்ளாடியது.

அடுத்தவரிடம் கொஞ்சம் நின்று போகவேண்டும். 1677-ல் சிவாஜி தமிழ்நாட்டில் இருந்தது சில மாதங்கள்தான். அதற்குள், நாயக்கர்களுக்குப் பிறகு செஞ்சியை வைத்திருந்த பீஜப்பூர்க்காரர்களிடமிருந்து அதைப் பிடித்தார், அவர்களுடைய வலிகண்டபுரத்துத் தளபதி ஷேர் கான் லோடியை முறியடித்தார், வேலூரை வளைத்தார். சென்னை ஆங்கிலேயருக்கு அவர் எழுதிக் கேட்ட சாமான்களைப் பாருங்கள்: விஷமுறிவுக்கு உதவும் என்று அன்று நம்பப்பட்ட மாலத்தீவுத் தேங்காய், பெஸோர் கல், இன்னும் சில மருந்துச் சரக்கு. விலை தருகிறேன் என்றும் எழுதியிருந்தார். கம்பெனி சரக்கை அனுப்பியது. காசு வாங்க மறுத்தது. பிறகு எஞ்சினியர்கள் வேண்டும் என்றபோது நயமாகக் கையை விரித்தது. கேட்பவர் வேலூரை வளைத்துக்கொண்டிருக்கும் ஆள். பகையாகவும் கூடாது, ஒட்டிக்கொள்ளவும் கூடாது என்பது கம்பெனியின் கணக்கு.

டச்சுக்காரர்களுக்கு அவர் 1677 ஆகஸ்டில் கொடுத்த கவுல்தான் முக்கியமானது. கவுல் என்றால் அன்றைக்கு வியாபார உரிமைச் சாசனம். வரி, கிடங்கு, வழக்கமான சலுகைகள் எல்லாம் அதில் உண்டு. நடுவே ஒரு ஷரத்து. முந்தைய ஆட்சியில் ஆண், பெண் அடிமைகளை இங்கே விலைக்கு வாங்கிக் கப்பலேற்ற உங்களை யாரும் தடுக்கவில்லை. இந்த நிலம் என் கையில் இருக்கும்வரை அது நடக்காது. மீறினால் என் ஆட்கள் தடுப்பார்கள் என்பது அதன் சாரம். சோழமண்டலக் கரைக்கு இது சின்ன விஷயமில்லை. போரும் பஞ்சமும் வரும்போதெல்லாம் டச்சுக் கம்பெனி இங்கிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்களை இலங்கைக்கும் ஜாவாத் தீவின் படேவியாவுக்கும் ஏற்றிக்கொண்டிருந்தது. பெற்ற பிள்ளையை விற்றுக் கஞ்சி குடித்த காலம். நாயக்கர்களும் பீஜப்பூர்த் தளபதிகளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். துணிக்கு வரி வாங்குவதுபோல இதற்கும் வாங்கினால் கஜானாவுக்குத்தான் ஆதாயம். சிவாஜிக்கும் பணம் தேவை. தெற்கே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அப்படியிருந்தும் அந்த ஷரத்து எழுதப்பட்டது என்றால், மனிதனின் சுபாவத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஷரத்துக்குள்ளேயே அதன் ஆயுளும் எழுதியிருந்தது: “என் கையில் இருக்கும்வரை.” 1680-ல் சிவாஜி இறந்தார். பத்தாண்டு முடிவதற்குள் வந்த பஞ்சத்தில் சோழமண்டலத் துறைமுகங்களிலிருந்து மறுபடி ஆட்கள் கப்பலேறினார்கள். ஆங்கிலேயரின் சென்னையும் அந்த வியாபாரத்தில் கை நனைத்தது.

1689 கடைசியில் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம், ஔரங்கசீப்பின் படைக்குத் தப்பி செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு முகலாயத் தளபதி சுல்பிகார் கான் வந்து வளைத்தார். கோட்டை விழ 1698 ஆயிற்று. முற்றுகையில் கிடக்கும் ராஜாவுக்குத் தினம் சிப்பாய்ச் சம்பளம் வேண்டும். கையில் விற்க இருந்தது கடற்கரை மட்டும். 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டை ஆங்கிலேயருக்குக் கைமாறியது. கோட்டையோடு, அங்கிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்த்தி!

இந்தப் பேரத்தின் விசேஷமே அதுதான். எல்லையை அளந்தது சங்கிலியும் கயிறும் அல்ல, வெடிமருந்து. அப்போது சென்னைக் கவர்னர் எலிஹு யேல். எப்படிக் கெட்டித்து, எப்படிச் சுட்டால் நமக்கு ஆதாயம் என்பது பீரங்கிக்காரனின் கைத்திறன் என்று சென்னைக் கவுன்சில் குறிப்புப் போட்டது. சென்னையிலிருந்து நல்ல பீரங்கி போயிற்று. குண்டு விழுந்த இடம்வரை கம்பெனி நிலம். கடலூர் ஊரும் அதற்குள் அடக்கம். குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பேர் நிலைத்தது. கடலூரில் இன்றும் குண்டு சாலை இருக்கிறது. ராஜாராமின் சுபாவம் இதில் எங்கே என்று தேடிப்பார்த்தேன். அகப்படவில்லை. கஜானா காலியான பிறகு தாராள மனசுக்காரனும் கருமியும் ஒரே இடத்தில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். புதுச்சேரியும் அப்படித்தான் போயிற்று. அங்கே பிரெஞ்சுக்காரர்கள் இருக்கும்போதே செஞ்சியிடம் டச்சுக்காரர்கள் பணம் கொடுத்து உரிமை எழுதி வாங்கி, 1693-ல் ஊரைப் பிடித்தார்கள்.

எதிர்ப் பக்கத்திலும் சுபாவம் உள்ள ஆட்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான். யேல் சொந்த வியாபாரத்தில் கொழித்தவர். கவுன்சிலோடு ஓயாத சண்டை. கம்பெனி 1692-ல் அவரை மாற்றியது. (பின்னாளில் அவர் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கும் சில நூறு புத்தகங்களும்தான் 1718-ல் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு அவர் பெயரை வாங்கித் தந்தன. அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம்.) பிறகு பிரெஞ்சுக்காரர்களிடமே திரும்பிய புதுச்சேரிக்கு 1742-ல் கவர்னரான தூப்ளே இன்னும் ஒரு படி மேலே. நவாப் பட்டத்துக்கு ஆள் வைப்பதும் எடுப்பதும் தன் வேலை என்று நினைத்தவர். அவருடைய தளபதி புஸ்ஸி 1750 செப்டம்பரில் ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தபோது ஊரே மூக்கில் விரல் வைத்தது. எட்டு வருஷம் முகலாயப் படையைக் காக்க வைத்த கோட்டை அல்லவா? பாரிஸில் இருந்த பிரெஞ்சுக் கம்பெனி டைரக்டர்கள் பார்த்தது வெற்றியை விடச் செலவை. 1754-ல் தூப்ளேயைத் திரும்ப அழைத்துவிட்டார்கள். கம்பெனியிடம் வரவேண்டிய பணத்துக்காக அலைந்தே அந்த மனிதர் 1763-ல் செத்தார்.

செஞ்சியில் ராஜா செத்தால் கவுலும் செத்தது. புதிய ராஜாவிடம் காணிக்கையோடு மறுபடி போய் நிற்கவேண்டும். ஆம்ஸ்டர்டாமில் பதினேழு பேர் உட்கார்ந்த டச்சுக் கம்பெனி டைரக்டர் சபையில் ஒருவர் போனால் இன்னொருவர் வந்து அதே பேரேட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நம் கரையை விலைக்கு வாங்கியது பேரேடு. அதற்காக அந்தப் பேரேட்டை நான் மெச்சமாட்டேன். ஆளை விற்றதும் அதே பேரேடுதான். நிறுத்தச் சொன்னது ஒரு ராஜாவின் குணம்.

ஆகவே அஞ்சலட்டை போட்ட ஐயாவுக்கு என் பதில் இது: ஒரு தலைவரின் கோபம் உங்கள் கமிட்டி விலையை ஆட்டும், சந்தேகமில்லை. எத்தனை நாளைக்கு ஆட்டும் என்பதை அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவர் கஜானா எப்படி இருக்கிறது, அவரை எதிர்த்துப் பேச ஒரு சபையோ நீதிமன்றமோ இருக்கிறதா, அவர் போட்ட உத்தரவு அவருக்குப் பிறகும் நிற்குமா என்று விசாரியுங்கள். டெலிவிஷனில் இதைக் காட்டமாட்டார்கள். தலைவர்கள் கட்டிப்பிடித்துக்கொள்வதைக் காட்டுவார்கள்.

இந்த இதழில் செஞ்சிக் கோட்டைக்குத் தனிப் பகுதி உண்டு. ராஜகிரி ஏறுகிறவர்கள் வெயிலுக்கு முன்னே ஏறிவிடுங்கள், கையில் தண்ணீர் இருக்கட்டும். குண்டு கிராமங்களைச் சேர்ந்தவர்கள், தேவனாம்பட்டினத்துக்காரர்கள், பரங்கிப்பேட்டை வாசகர்கள் வீட்டில் அந்தக் காலத்துப் பத்திரமோ, தாத்தா சொன்ன பீரங்கிக் கதையோ இருந்தால் அனுப்பி வையுங்கள். பத்திரம் என்றால் நகல் போதும், மூலத்தைத் தபாலில் போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்