எல்லாம்னா எல்லாமுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராயக்கோட்டையிலிருந்து சித்தப்பா மகள் போன் பண்ணினாள். பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருந்தாள். குரூப் 4-க்குப் படிக்க வேண்டும், தமிழ் டைப்பிங் பழக வேண்டும். விண்டோஸ் 7-இல் பாதி வெப்சைட் திறக்கவே மாட்டேன் என்கிறது. ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தபோது லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றை அவளிடம் கொடுத்து, "இதைப் போட்டு ஆன் பண்ணு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

"அண்ணா, என்னென்னமோ கேக்குதுண்ணா."

"நெக்ஸ்ட் நெக்ஸ்ட் குடுத்துட்டே போ."

ஓசூரில் டீக்கடை வாசலில் நின்றுகொண்டு சொன்னேன். அவள் கொடுத்துக்கொண்டே போனாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி குரல். "முழு டிஸ்க்கையும் எடுத்துக்கன்னு ஒண்ணு இருக்கு. அதுல இருக்கிற எல்லாம் போயிடும்னு போட்டிருக்கு."

"ஆமா, அதையே குடு."

"எல்லாம்னா எல்லாமுமா? அப்பா போட்டோவும் போயிடுமா?"

சித்தப்பா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. தக்காளி மண்டியில் கிரேட் மேல் உட்கார்ந்து சிரிக்கிற படம், அவள் கல்யாணப் பேச்சு நடந்தபோது எடுத்த படங்கள், ஒரு சின்ன வீடியோ எல்லாம் அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அவள் அந்த இங்கிலீஷ் வரியை எழுத்துக் கூட்டிப் படித்து, கையை எடுத்துவிட்டுக் கேட்டதால் பிழைத்தது. எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். இவ்வளவு கேள்வி கேட்டால் எப்போது முடிப்பது என்று.

நான் வேலை பார்க்கிற இடத்தில் டேட்டாபேஸில் ஒரு டேபிளை அழிக்க வேண்டுமென்றால் பேக்கப் எடுக்க வேண்டும், இரண்டு பேர் ஒப்புதல் தர வேண்டும், நாள் குறிக்க வேண்டும். தங்கச்சிக்கு மட்டும் "நெக்ஸ்ட் நெக்ஸ்ட்".

இந்தக் கட்டுரை அந்த எரிச்சலைப் பற்றியது. அது என் ஒருவனுடையது இல்லை. "பழைய கம்ப்யூட்டரா? லினக்ஸ் போடு, பறக்கும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிற மொத்தக் கூட்டத்துக்கும் அது இருக்கிறது. போட்டுவிட்டு மாட்டிக்கொண்டவர் திரும்பி வந்தால் "முதல்ல மேனுவல் படிங்க" என்போம். ஒரு எந்திரத்தின் வட்டை எப்படிப் பிரித்திருக்கிறது, எதிலிருந்து அது விழித்தெழுகிறது என்றெல்லாம் ஒரு மனுஷி தெரிந்துகொள்ள ஏன் ஆசைப்பட வேண்டும்? அவளுக்கு வேண்டியது குரூப் 4. நமக்குத்தான் லினக்ஸ் வேண்டும். நம் ஆசையை அவள் தலையில் கட்டிவிட்டு, அவளுக்குப் பொறுமையில்லை என்கிறோம்.

அந்த லேப்டாப்பின் கதையைக் கொஞ்சம் பாருங்கள். விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. பிறகு வந்த வருடங்களில் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் முதல் கம்ப்யூட்டராக அது நுழைந்தது. தங்கச்சிக்குக் கிடைத்ததில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்தால் இரண்டு வாசல்: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் ஒன்று, பாஸ் லினக்ஸ் ஒன்று. ஸ்டார்ட்டர் என்பது மைக்ரோசாஃப்ட் செய்ததிலேயே கஞ்சத்தனமான பதிப்பு. திரையில் இருக்கிற பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடாது. 2 ஜிபிக்கு மேல் ராம் போட்டாலும் கண்டுகொள்ளாது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்துச் செய்த இந்திய லினக்ஸ். 2007-லிருந்து வருகிறது. தமிழ் உண்டு, விலை இல்லை, எந்தக் கட்டும் இல்லை.

இரண்டில் எதை எல்லோரும் திறந்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. "அந்த இன்னொண்ணு என்னன்னே தெரியாதுண்ணா. தெரியாம அமுக்கிட்டா ரீஸ்டார்ட் பண்ணிடுவோம்" என்றாள் தங்கச்சி. அவள் வகுப்பில் யாரும் ஒரு நாள்கூட அதைத் திறந்து காட்டியதில்லை. இத்தனைக்கும் அந்தக் காலத்துப் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்தில் இருந்தது ஸ்டார் ஆஃபீஸ். 2018-க்குப் பிறகு வந்த பதினொன்றாம் வகுப்புப் பாடத்தில் உபுண்டுவும் ஓப்பன் ஆஃபீஸும் உண்டு. புத்தகம் ஒன்றைச் சொல்ல, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து கம்ப்யூட்டர் சென்டர் வேறொன்றைக் கற்றுத் தர, பிள்ளைகள் முன்னதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டுப் பின்னதைக் காசு கொடுத்துப் படித்தார்கள்.

அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2006, 2007 வாக்கில் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அந்த நிறுவனத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசே அறிவுறுத்தியது. அதற்கப்புறம் எத்தனை அலுவலகத்தில் யார் அதைப் பார்த்தீர்கள், நீங்களே சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் சிடி வந்தது, உத்தரவு வந்தது, பக்கத்தில் உட்கார ஆள் வரவில்லை. கேரளத்தைப் பாருங்கள். ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில் முதலில் ஆசிரியர்களை உட்கார வைத்துப் பழக்கினார்கள். இன்று அங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஐடி தேர்வை லினக்ஸில்தான் எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அது ஒரு கொள்கையே இல்லை. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர், அவ்வளவுதான்.

இப்போது அதே படம் மறுபடி ஓடுகிறது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைப் பிராசசர் வேண்டும். அதாவது, தோராயமாக 2018-க்கு முந்தைய கம்ப்யூட்டர்கள், நன்றாக ஓடினாலும் சரி, குப்பை. கீபோர்டில் ஒரு கட்டைகூடத் தேயாத எந்திரத்தைத் தூக்கிப் போடு என்று அதைச் செய்யாத ஒரு கம்பெனி சொல்கிறது. ராயக்கோட்டையில் முப்பது வருஷத்து டிராக்டரும் ஓடுகிறது. புது மாடல் வந்துவிட்டது என்பதற்காகப் பழையதை யாரும் ஏரியில் தள்ளுவதில்லை.

அதற்காக லினக்ஸ் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொன்னால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். அடுத்த ஞாயிறு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கோடு கெலமங்கலம் வழியாகப் போனேன். படங்களைக் காப்பி எடுக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு டெபியன். அதன் வரைகலை நிறுவியில் மொழிப் பட்டியல் வந்ததும் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் பார்த்துச் சிரித்தாள். மண்டியில் தெலுங்கில் விலை கேட்டு, கன்னட லாரிக்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேசி, தமிழில் கணக்கு எழுதுகிற ஊர் இது. அவள் புகுந்த வீட்டில் தெலுங்குதான் பேசுகிறார்கள். நம் கடைகளில் விற்கிற லேப்டாப்புகளில் பெரும்பாலும் விண்டோஸ் ஹோம் சிங்கிள் லாங்வேஜ் என்று ஒரு பதிப்பு இருக்கும். ஒரு மொழிதான், அதற்கு மேல் வேண்டுமென்றால் காசு. ஒரே வாயில் மூன்று மொழி பேசுகிற ஊருக்கு அதை விற்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

தமிழைத் தேர்ந்தெடுத்தாள். ஐந்து நிமிடம் கழித்து, "இதுக்கு இங்கிலீஷே தேவலண்ணா" என்றாள். உண்மைதான். நம் மென்பொருள் தமிழ் அகராதியிலிருந்து நேராக எழுந்து வந்தது, யார் வாயிலும் புழங்காதது. ஆனால் வட்டைப் பிரிக்கிற இடம் வந்தபோது மறுபடி நிதானமாக வாய்விட்டுப் படித்தாள். இந்த முறை யாரையும் கேட்கவில்லை. "காப்பி இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவளே அழுத்தினாள்.

வைஃபை வேலை செய்யவில்லை. அதில் இருந்த பழைய பிராட்காம் சிப்போடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். நான் கறுப்புத் திரையில் தட்டிக்கொண்டிருக்க, அவள் போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் ஆன் செய்தாள். உடனே நெட் வந்தது. "இத முதல்லயே பண்ணியிருக்கலாம்ல?" பண்ணியிருக்கலாம்.

பிரவுசரில் மூன்று டேப் திறந்ததும் எந்திரம் மூச்சு வாங்கியது. லினக்ஸ் தனக்கென்று எடுத்துக்கொண்டது கொஞ்சம்தான். மீதியைத் தின்றது அந்தப் பக்கங்கள். ஒரு விண்ணப்பப் படிவத்துக்கு எதற்கு அவ்வளவு ஜாவாஸ்கிரிப்ட் என்று திட்ட வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அதைப் போன்ற பக்கங்களை எழுதித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். என் மேசையில் 32 ஜிபி ராம் இருக்கிறது. அதில் வேகமாக ஓடினால் வேலை முடிந்தது என்று டிக்கெட்டை மூடிவிடுவேன். பழைய கம்ப்யூட்டரைக் கொன்றவர்கள் பட்டியலில் மைக்ரோசாஃப்டுக்குக் கீழே என் பெயரும் வரும். எஸ்.பி. ரோட்டில் வாங்கி வைத்திருந்த பழைய 2 ஜிபி ராம் ஒன்றைச் செருகியதும் நிலைமை பரவாயில்லை.

இதையெல்லாம் தமிழில் பொறுமையாகச் சொல்லித் தருகிறவர்கள் இல்லாமல் இல்லை. 2012-லிருந்து கணியம் அதைத்தான் செய்கிறது. காஞ்சிபுரம் லினக்ஸ் குழு போன்றவர்கள் கேள்வி கேட்டால் சிரிக்காமல் பதில் சொல்கிறார்கள். என் கோபம் அவர்கள்மேல் இல்லை. ஓசூரிலும் பெங்களூருவிலும் வார நாட்களில் லினக்ஸ் சர்வர்களைக் கட்டி மேய்த்துவிட்டு, வார இறுதியில் ஊருக்கு வந்து "உனக்கெல்லாம் இது செட் ஆகாது, புதுசா ஒண்ணு வாங்கிக்க" என்று சொல்கிற என்னைப் போன்ற இன்ஜினியர்கள்மேல்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அதைத் தர மாட்டோம், சுதந்திர மென்பொருள் பற்றி ஆயிரம் வார்த்தை எழுதுவோம். இதோ, எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அரசு அறிவித்தது. அதில் என்ன இயங்குதளம் இருக்கும் என்று இணையத்தில் சண்டை போட நாம் தயார். பத்து வருஷம் கழித்து அதைப் பரணிலிருந்து இறக்குகிறவளின் போனை யார் எடுப்பது?

சாயங்காலம் கிளம்பும்போது தங்கச்சி டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். "இதுலயாவது படத்த மாத்த விடுமா?" விட்டது. கிரேட் மேல் உட்கார்ந்து சித்தப்பா சிரித்தார். அவர் மூக்குமேல் குப்பைத்தொட்டி ஐகான் இருந்தது. அதை இழுத்து ஓரத்தில் வைத்தாள்.

வைஃபை இன்னும் வரவில்லை. போன் கேபிளில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். வருகிற ஞாயிறு ஒரு டாங்கிள் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.